கத்தோலிக்கச் சட்டக் கல்லூரியை எடைபோட அதன் ஒப்பந்தச் சட்டப் பாடத்திட்டம் போதும்

கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்டத்துறை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், அதன் ஒப்பந்தச் சட்டப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுழைவாயிலில் பொறித்த இலட்சிய வாசகம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நீதி, உண்மை, சேவை. கல்வியாண்டின் தொடக்கத் திருப்பலியும் எங்கும் உண்டு. மறுநாள் காலை முதல் பாடவேளையில் ஆசிரியர் எதைத் திறந்து வைக்கிறார் என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு தெரிகிறது.

ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய உரோமைச் சட்டத்தில் வெறும் வாய்ப்பேச்சு உடன்பாட்டை வைத்துக்கொண்டு வழக்குத் தொடுக்க முடியாது. குறிப்பிட்ட சொற்களில் கேள்வியும் பதிலுமாக வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது பொருள் கைமாறியிருக்க வேண்டும். அல்லது விற்பனை, வாடகை என்று சட்டம் ஏற்ற ஏதாவது ஒரு வகைக்குள் அது அடங்க வேண்டும். இடைக்காலத் திருச்சபைச் சட்ட அறிஞர்களுக்கு இது உறுத்தியது. கொடுத்த வாக்கை மீறுவது பொய்யுரைப்பதற்குச் சமம், பொய் பாவம், ஆகவே சடங்கு வடிவம் இல்லாவிட்டாலும் வாக்கு கட்டுப்படுத்தும் என்று வாதிட்டார்கள். 1234-இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட ஆணைத் தொகுப்பில் உடன்பாடுகளைப் பற்றிய பகுதி இந்தக் கொள்கையோடுதான் தொடங்குகிறது. ஒப்பந்தங்கள் காக்கப்பட வேண்டும் என்று இன்று பன்னாட்டு உடன்படிக்கைகள் வரை பேசப்படும் விதிக்குப் பின்னால் இந்தப் பாவ புண்ணியக் கணக்கும் இருக்கிறது. மறுபயன் இல்லாத, அதாவது பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுத்த, வாக்குறுதி ஏன் செல்லாது என்று முதலாண்டு மாணவர் திணறும் நேரத்தில் இதைச் சொன்னால், அந்த விதி இயற்கையாகவே வந்த ஒன்றல்ல, ஒரு தேர்வு என்பது அவருக்குப் புரிந்துவிடும். அரைமணி நேரம் போதும்.

சொத்துச் சட்டத்தில் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. பிறர் நிலத்தை நெடுங்காலம் அனுபவித்தவருக்கு அந்த நிலமே உரிமையாகிவிடும் என்ற விதியை எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள். உரோமைச் சட்டப்படி, அனுபவம் தொடங்கிய நாளில் நல்லெண்ணம், அதாவது இது தன்னுடையதே என்ற நேர்மையான நம்பிக்கை, இருந்தால் போதும். நடுவில் உண்மை தெரியவந்தாலும் உரிமை கெடாது. 1215-இல் கூடிய திருச்சபையின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் தன் 41-ஆம் விதியில் இதை நேராக மறுத்தது. காலம் முடியும்வரை, எந்த ஒரு கட்டத்திலும், இது பிறருடைய பொருள் என்ற அறிவு அனுபவிப்பவருக்கு இருக்கக் கூடாது என்றது. இன்றைய பல சட்ட முறைகளில், குறிப்பாக ஆங்கிலேய மரபில் வந்தவற்றில், நல்லெண்ணம் ஒரு நிபந்தனையாகவே பெரும்பாலும் இல்லை. ஆக மூன்று நிலைப்பாடுகள். மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஒரே உண்மைச் சூழலுக்கு மூன்று தீர்ப்பு எழுதச் சொல்லுங்கள். உரிமைப் பத்திரங்களின் உறுதியும் மனச்சான்றும் எங்கே மோதுகின்றன என்பது விரிவுரை இல்லாமலே விளங்கும். இங்கே திருச்சபை நிலைப்பாடே சரியென்று மாணவரைச் சொல்லவைக்க வேண்டியதில்லை. ஒருவருடைய மனநிலையை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி மெய்ப்பிப்பது என்று ஒரு மாணவர் எதிர்க்கேள்வி கேட்டால் வகுப்பு நன்றாகப் போகிறது என்று பொருள்.

தொழிலாளர் சட்டத்தில் 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடல் வருகிறது. கூலியை இரு தரப்பும் விரும்பி ஒப்புக்கொண்டிருந்தாலும், சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்காத கூலி நீதியற்றது என்பது அதன் வாதம். தேவையின் நெருக்கடியால் கடுமையான நிபந்தனைக்கு ஒருவர் தலையாட்டினால் அது வன்முறைக்கு ஆளான நிலை என்கிறது. ஒப்பந்த வகுப்பில் வற்புறுத்தல் என்ற தலைப்பை ஏற்கெனவே படித்த மாணவருக்கு இந்த வரி அங்கேயே போய்ப் பொருந்தும். குற்றவியலில் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தோமா அக்குவினா: மிகக் கடுமையான, உடனடியான தேவையில் பிறர் பொருளை எடுத்து உயிர் காத்துக்கொள்பவர் செய்வது திருட்டே ஆகாது என்றார் அவர். இன்றைய நீதிமன்றங்கள் வறுமையை ஒரு எதிர்வாதமாக ஏற்கத் தயங்குகின்றன. ஏன் தயங்குகின்றன என்பதை அக்குவினாவை அருகில் வைத்துக்கொண்டு பேசுவது நல்ல பாடம்.

இதில் வழக்கமாகச் செய்யப்படும் தவறு, இவை அனைத்தையும் வாரிச் சுருட்டி இறுதியாண்டில் ஒரு விருப்பப் பாடமாக வைப்பது. மதிப்பெண் எளிதாக வரும் தாள் என்று பெயர் வாங்கி அது அப்படியே நீர்த்துப்போகும். ஒப்பந்த ஆசிரியரும் சொத்துச் சட்ட ஆசிரியரும், விழுமியம் எல்லாம் அந்த விருப்பப் பாடத்தை எடுப்பவர் வேலை என்று கைகழுவிவிடுவார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நாற்பத்தைந்து மணி நேரப் பாடத்தில் இருபது மணி நேரத்தைத் தத்துவத்துக்குக் கொடுத்துவிட்டு, மாணவரை வழக்கறிஞர் தகுதித் தேர்வில் தோற்க வைப்பது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய குடும்பத்துக்கு அது அநீதி. ஐந்து அல்லது ஆறு மணி நேரம், பாடத்தின் நடுவே பரவலாக; என் கணிப்பில் அதுவே சரியான அளவு.

சட்டம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அக்குவினா கொடுத்த விடையில் நான்கு உறுப்புகள் உண்டு. அறிவின் ஒழுங்கமைவாக இருக்க வேண்டும், பொது நலனை நோக்கியிருக்க வேண்டும், சமூகத்தின் பொறுப்பை ஏற்றவர் இயற்றியிருக்க வேண்டும், அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். மனப்பாடம் செய்ய வைத்தால் இது ஏட்டுச் சுரைக்காய். அதற்குப் பதிலாக, அரசிதழில் வெளிவராத ஒரு சுற்றறிக்கை, ஒரே ஒரு நிறுவனத்துக்காகத் திருத்தப்பட்ட ஒரு வரிவிதி, அதிகாரம் இல்லாத அலுவலர் போட்ட ஒரு உத்தரவு என்று மூன்றைக் கொடுத்து, எந்த உறுப்பு எங்கே விழுகிறது என்று கேட்க வேண்டும். நிர்வாகச் சட்டத்தின் பாதி இதற்குள் வந்துவிடும்.

அக்குவினாவே சொல்லும் நகரவாயில் எடுத்துக்காட்டையும் விடக் கூடாது. முற்றுகையிடப்பட்ட நகரில் வாயில்களைத் திறக்கக் கூடாது என்று சட்டம். நகரைக் காக்கும் வீரர்களையே எதிரிகள் துரத்திக்கொண்டு வருகிறார்கள். திறக்காவிட்டால் நகரமே போய்விடும். சட்டத்தின் சொல்லை மீறி அதன் நோக்கத்தைக் காக்கத் திறக்க வேண்டும் என்கிறார். ஆனால் உடனே ஒரு கட்டுப்பாடும் போடுகிறார்: ஆபத்து உடனடியாக இல்லாவிட்டால், விலக்கு அளிக்கும் அதிகாரம் உள்ளவரிடம்தான் போக வேண்டும்; ஆளாளுக்கு முடிவெடுக்கக் கூடாது. இந்த இரண்டாம் பாதியைப் பல ஆசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் முதல் பாதியை மட்டும் கற்பித்தால், நல்ல நோக்கம் இருந்தால் விதியைத் தள்ளிவிடலாம் என்று மாணவர் புரிந்துகொள்வார். அந்தப் புரிதலோடு வெளியே வரும் வழக்கறிஞர் ஆபத்தானவர்.

பாவம் எல்லாவற்றையும் குற்றமாக்கச் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற அச்சம் வெளியில் பலருக்கு உண்டு. மரபு சொல்வது வேறு. மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்கக் கூடாது, பெரும்பாலோர் விலக்கிக்கொள்ளக் கூடிய கொடிய தீமைகளை, முக்கியமாகப் பிறருக்குக் கேடு விளைப்பவற்றை, கொலை, திருட்டு போன்றவற்றை மட்டுமே தடுக்க வேண்டும் என்பதும் அக்குவினாவின் நிலைப்பாடுதான். எந்தத் தீமை அந்தக் கோட்டுக்குள் வருகிறது என்பதில் கத்தோலிக்கச் சட்ட அறிஞர்களுக்குள்ளேயே கடும் விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தை மாணவர் கண்முன்னே நடத்துவதுதான் கல்லூரியின் வேலை.

சாட்சியச் சட்டத்தில் ஒரு பாடவேளையை முழுவதும் ஒதுக்கத் தக்க இடம் ஒன்று இருக்கிறது. குற்றவாளி எனச் சாட்சியங்கள் காட்டும் மனிதர் நிரபராதி என்று நீதிபதிக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும். அவர் என்ன செய்ய வேண்டும்? நீதிபதி பொது மனிதர், பொது முறையில் தெரியவந்ததை வைத்தே தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறார் அக்குவினா. தன் தனிப்பட்ட அறிவை, சாட்சியத்தை மேலும் கடுமையாகத் துருவி அதன் ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம். ஓட்டை கிடைக்காவிட்டால் சாட்சியத்தைத்தான் பின்பற்ற வேண்டும். மாணவர்கள் கொதிப்பார்கள். கொதிக்கட்டும். நீதிபதி வழக்கிலிருந்து விலகிச் சாட்சிக் கூண்டில் ஏறலாமே என்று யாராவது சொல்வார்கள். இன்றைய சட்டத்தின் விடை பெரும்பாலும் அதுதான். விசாரணை நடைமுறை என்பது வெறும் காகித வேலை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்த எடுத்துக்காட்டும் காட்டுவதில்லை. இதே பாடத்தில், தீயாலும் நீராலும் குற்றத்தைச் சோதிக்கும் சடங்கில் குருக்கள் பங்கேற்கக் கூடாது என்று அதே 1215-ஆம் ஆண்டுச் சங்கம் தடுத்ததையும் சேர்க்கலாம். அந்தத் தடைக்குப் பிறகு இங்கிலாந்து ஜூரி விசாரணைக்கும் ஐரோப்பியப் பெருநிலம் எழுத்துச் சான்று, சாட்சி விசாரணை முறைக்கும் நகர்ந்தன. அந்தப் பெருநில முறை பிற்காலத்தில் வாக்குமூலத்துக்காகச் சித்திரவதையை அனுமதித்தது. அதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இப்படி எல்லாம் கற்பிக்கச் சொல்வது யார்? 1990 ஆகஸ்டு 15-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட திருத்தூது ஆணை, ஆய்வில் நான்கு கூறுகள் இருக்க வேண்டும் என்கிறது: அறிவுத்துறைகளை ஒன்றிணைக்கும் தேடல், நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் உரையாடல், அறநெறி அக்கறை, இறையியல் நோக்கு. அதே ஆணை கல்விச் சுதந்திரத்தையும் உறுதிசெய்கிறது. கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் கல்லூரியின் அடையாளத்தை மதிக்க வேண்டும், கல்லூரி அவர்களுடைய சமயச் சுதந்திரத்தை மதிக்க வேண்டும் என்கிறது. திருச்சபை அதிகாரியின் கற்பிப்பு அனுமதி இறையியல் ஆசிரியர்களுக்குத்தான் தேவை. வரிச்சட்டம் கற்பிப்பவருக்கு இல்லை. வேற்றுச் சமயத்து ஆசிரியர் சொத்துச் சட்டத்தில் இலாத்தரன் சங்கத்தைக் கற்பிக்க முடியுமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக முடியும். நன்றாகவும் கற்பிப்பார், மூலத்தைப் படித்திருந்தால். நம்பிக்கையுள்ள ஆசிரியர் மூலத்தைப் படிக்காமல் பக்தியால் நிரப்புவதுதான் சிக்கல்.

தொழில் அறநெறிக்கு வருவோம். வழக்கறிஞர் ஏழையின் வழக்கை எடுத்தே ஆக வேண்டுமா, தவறான வழக்கை நடத்தலாமா, கட்டணம் வாங்கலாமா என்ற கேள்விகளை அக்குவினா தனித்தனியாக எடுத்து விடை சொல்லியிருக்கிறார். எல்லா ஏழைகளின் வழக்கையும் எடுக்கும் கடமை யாருக்கும் இல்லை, அப்படி இருந்தால் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது. இந்த இடத்தில், இந்த நேரத்தில், இவருக்கு வேறு வழி எளிதில் இல்லை என்று தெரிந்தால் கடமை வருகிறது. மருத்துவருக்கும் இதே விதி என்று சேர்க்கிறார். நல்ல வழக்கென்று நம்பி எடுத்து, நடுவில் அநீதியானது என்று தெரிந்தால்? விலகலாம், விட்டுக்கொடுக்கவோ சமரசம் செய்யவோ கட்சிக்காரரை இணங்கவைக்கலாம். ஆனால் அவருடைய இரகசியத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது. கட்டணம் வாங்கலாம், அளவோடு. ஆள், வழக்கு, உழைப்பு, அந்நாட்டு வழக்கம் ஆகியவற்றைப் பார்த்து. எழுநூற்றைம்பது ஆண்டுகள் பழைய இந்த விடைகளை இன்றைய வழக்கறிஞர் நடத்தை விதிகளோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்கச் செய்வது ஒரு வார அசைன்மென்டுக்குக் கச்சிதமான அளவு.

இரகசியம் என்றதும் ஒரு குழப்பம். ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது பாவ அறிக்கையில், குரு கேட்டதும் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரிடம் கேட்டதும் ஒன்றே என்று கத்தோலிக்க மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். இல்லை. திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் விதிப்படி முன்னதற்கு விலக்கே கிடையாது. பின்னதற்குப் பெரும்பாலான நாடுகளில் விலக்குகள் உண்டு. நடக்கப்போகும் குற்றத்துக்கு வழக்கறிஞரிடம் உதவி கேட்பது அந்த இரகசியப் பாதுகாப்புக்குள் அடங்காது. முதல் வாரத்திலேயே இதைத் தெளிவுபடுத்தாவிட்டால், மேற்பார்வையின் கீழ் மாணவர்களே ஏழைகளின் வழக்குகளைக் கவனிக்கும் கல்லூரியின் சட்ட உதவி மையத்தில் தவறு நேரும்.

மாண்பு, தோழமை, ஏழைகளுக்கு முன்னுரிமை என்ற சொற்கள் எல்லாம் கடைசியில் சோதிக்கப்படும் இடம் அந்தச் சட்ட உதவி மையம். ஒரு மேற்பார்வை வழக்கறிஞருக்கு ஆறு முதல் எட்டு மாணவர், ஒரு மாணவருக்கு இரண்டு அல்லது மூன்று கோப்பு. இதைத் தாண்டினால் தரம் சரிகிறது. வருபவர் தன் கதையைத் தொடங்குவதற்கு முன்பே இரு தரப்புப் பெயர்களையும் வாங்கி, எதிர்த்தரப்பு ஏற்கெனவே மையத்தின் கட்சிக்காரரா என்று பார்க்க வேண்டும். கதையைக் கேட்டபின் பார்த்தால் காலம் கடந்துவிட்டது. முதல் இருபது நிமிடம் படிவமும் மடிக்கணினியும் மேசையில் இருக்கக் கூடாது. மொழிபெயர்க்கக் குடும்பத்தினரை, அதிலும் பிள்ளைகளையோ வாழ்க்கைத் துணையையோ உட்கார வைக்கக் கூடாது. வீட்டு வன்முறை இருந்தால் அது வெளியே வராமலே போய்விடும். மையம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை எழுதிக் கொடுத்து, வாய்விட்டு வாசித்து, அவர் சொற்களிலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். வழக்குத் தொடுக்கும் காலவரையறை முடியும் தேதியை இருவர் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகு கோப்பின் மேலட்டையில் எழுத வேண்டும்.

பெரும்பாலான விபத்து செமஸ்டர் முடிவில் நடக்கிறது. மாணவர் தேர்வுக்குப் போய்விடுகிறார், அடுத்தவர் இன்னும் வரவில்லை, நடுவில் ஒரு வாய்தா தவறிவிடுகிறது. கடைசி மூன்று வாரத்துக்குப் புதிய வழக்கு எடுக்காமல், போகிறவரும் வருகிறவரும் கட்சிக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதைக் கட்டாயமாக்கினால் இது பெருமளவு நின்றுவிடும். அறமும் நாட்காட்டியும் வேறுவேறு என்று நினைக்கும் மையம், ஏழையின் வழக்கைக் கனிவோடு தோற்றுக் கொடுக்கும்.

இன்னொரு தவறு நல்ல மனத்திலிருந்தே வருகிறது. மாணவர் மீட்பராகிவிடுகிறார். கட்சிக்காரர் ஏற்க விரும்பும் சமரசத்தை, கொள்கைக்காகப் போராடலாம் என்று தடுக்கிறார். சமரசம் செய்வதா வேண்டாமா என்பது கட்சிக்காரரின் முடிவு. மனித மாண்பு என்ற சொல்லுக்கு அந்த அறையில் அதுதான் பொருள். மையத்தில் யாருடைய சமயத்தையும் கேட்கக் கூடாது என்பதும் இதில் அடங்கும்.

இயேசு சபைக் கல்வி மரபு 1993-இல் தொகுத்துக் கொடுத்த முறையில் சூழல், அனுபவம், சிந்தனை, செயல், மதிப்பீடு என ஐந்து படிகள் உண்டு. சட்ட உதவி மையத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. வாரம் ஒருமுறை முந்நூறு சொல்லில் மூன்று கேள்விகளுக்கு விடை: இந்த வாரம் யாருடைய பேச்சை நான் முழுதாகக் கேட்கவில்லை, எந்த விதி உதவியது அல்லது தடுத்தது, அடுத்த வாரம் எதை மாற்றுவேன். இதற்கு மதிப்பெண் போடக் கூடாது. போட்டால் ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதுவார்கள். கட்சிக்காரர் பெயரும் அடையாளமும் அதில் இருக்கக் கூடாது.

திருச்சபையின் காயங்களைப் பாடத்திலிருந்து மறைக்கும் கல்லூரியில் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. சிறார் பாலியல் கொடுமை வழக்குகளில் ஆயர்களும் நிறுவனங்களும் பிரதிவாதிகளாக நின்றதைத் தீங்கியல் வகுப்பு, அதாவது பிறருக்கு விளைத்த தீங்குக்கு இழப்பீடு பற்றிய சட்ட வகுப்பு, பேச வேண்டும். பணியாளர் செய்த தீங்குக்கு நிறுவனத்தின் பொறுப்பு என்ற தலைப்புக்கு இதைவிடத் தேவையான பாடப்பொருள் இல்லை. குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றங்களைத் திருச்சபை அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதித்ததையும், அதே ஆண்டு டிசம்பரில் இவ்வழக்குகளுக்கு இருந்த ‘திருத்தந்தை இரகசியம்’ என்னும் கடும் இரகசியக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். புனிதர்களைக் கற்பிப்பதிலும் இதே நேர்மை வேண்டும். மன்னர் எட்டாம் ஹென்றியே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்பதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்து, 1535-இல் தலைவெட்டப்பட்ட தாமஸ் மூரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா மறுப்பாகக் கொள்ளலாமா என்ற வாதம் அருமையான சட்டப் பாடம். அவர் இங்கிலாந்தின் உயர் நீதிப் பதவியில் இருந்தபோது மதமறுப்பாளர்கள் எரிக்கப்பட்டதும் அதே பாடத்தில் வர வேண்டும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். ஏழைகளுக்காக வாதாடுங்கள் என்று மூன்றாண்டுகள் சொல்லிவிட்டு, வட்டியோடு பெருங்கடனைத் தலையில் கட்டி அனுப்பினால் மாணவர் பெரிய நிறுவனத்துக்குத்தான் போவார். குறை அவர்மேல் இல்லை. பொதுநல வழக்காடலுக்குப் போகும் பட்டதாரியின் கடன் தவணையில் ஒரு பங்கைக் கல்லூரியே ஏற்கும் நிதி இருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று சேரும் முன்பே கேளுங்கள். வளாகத்தைக் கூட்டுபவர்களும் காவலர்களும் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்கிறார்களா, அவர்கள் கூலி என்ன என்றும் கேளுங்கள். 1891-இன் சுற்றுமடல் வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்துக்கும் பொருந்தும்.

கடைசியாக வினாத்தாள். தேர்வில் வராததை மாணவர் படிக்க மாட்டார். படிக்க நேரமும் இல்லை. சொத்துச் சட்டத் தாளில் 15 மதிப்பெண் வினா ஒன்றை இப்படி அமைக்கலாம்: பதினைந்தாம் ஆண்டில் உண்மை தெரிந்தும் நிலத்தை விடாதவரின் சூழலைக் கொடுத்து, நடப்புச் சட்டப்படி முடிவுக்கு 8, நல்லெண்ணத்தைக் கோரும் விதியின்படி முடிவு எப்படி மாறும் என்பதற்கு 4, எந்த விதி சிறந்தது என்ற வாதத்துக்கு 3. திருத்துபவருக்கு மாணவர் பெயர் தெரியக் கூடாது. அந்த 3 மதிப்பெண்ணில், இலாத்தரன் சங்க விதி நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஒழுங்காக வாதிட்டவருக்கும் 3 கிடைக்க வேண்டும் என்பதை மதிப்பீட்டுக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.